தட்டான் குறைந்தால் கொசு பெருகுமா? வெயில், மருந்து, கொசுவைத் தின்னும் உயிர்கள்

#1 வெண்ணாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்)

குறுவையும் சம்பாவும் போடுகிற ஆள் நான். வயலில் தட்டான் கூட்டம் முன்பு போல் இல்லை என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் பார்க்கிறேன். மழைக்கு முன்னால் தலைக்கு மேல் வட்டமடிக்கிற அந்தக் கூட்டம் சில வருடம் கண்ணிலேயே படுவதில்லை. கொசுவுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. பொழுது சாய்ந்தால் மோட்டார் கொட்டகைப் பக்கம் நிற்க முடியாது.

பக்கத்து வயல்காரர் "எல்லாம் பருவநிலை மாற்றம், நாம் என்ன செய்ய முடியும்" என்கிறார். எனக்குச் சந்தேகம் நாங்கள் அடிக்கிற மருந்தின் மேல்தான். ஆனால் அங்கே ஒரு இடம் இடிக்கிறது. மருந்து பூச்சியைக் கொல்லும் என்றால் கொசுவும் சேர்ந்துதானே செத்திருக்க வேண்டும்? தட்டான் மட்டும் எப்படிச் சாகும்?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஒரு தட்டான் ஒரு நாளில் ஆயிரம் கொசு தின்னும்" என்ற வாட்ஸ்அப் படத்தை மட்டும் யாரும் ஒட்ட வேண்டாம், அது என்னிடமே ஏழெட்டு இருக்கிறது.

#2 சிறகெண்ணி (மதுரை, பூச்சியியல் மாணவர்)

ஐயா, நீங்கள் கேட்ட அதே கேள்வியை வைத்து கோஸ்டாரிகாவில் ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. 2019-இல் வெளியானது. வெதர்ட், ஹாமில் என்ற இருவர் செய்தது. அங்கே காட்டிலும் ஆரஞ்சுத் தோட்டங்களிலும் புரோமீலியாட் என்ற செடி வளர்கிறது. அன்னாசிக்கு உறவு. அதன் இலைக் கக்கங்களில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரில் கொசுப்புழு இருக்கும், அதைத் தின்னும் ஊசித்தட்டானின் குஞ்சும் இருக்கும். காட்டுச் செடிகளில் தின்பதும் தின்னப்படுவதும் ஒரு அளவில் நடக்கிறது. தோட்டத்துச் செடிகளிலோ பல வருடமாக டைமீதோயேட் மருந்து படுகிறது. நம் ஊர் உரக்கடையிலும் கிடைக்கிற அதே மருந்துதான். தோட்டத்துக் கொசுப்புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிட்டன. காட்டிலிருந்து எடுத்த கொசுப்புழுக்களை அதே மருந்தில் விட்டால் தாங்கவில்லை. ஊசித்தட்டான் குஞ்சுக்கு அந்தப் பழக்கம் வரவே இல்லை. ஆக, மருந்து அடித்த தோட்டம் கொசுவுக்கு எதிரி இல்லாத இடமாகிவிட்டது.

ஏன் கொசுவுக்கு மட்டும் பழகுகிறது என்றால், கணக்கு அப்படி. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு எட்டுப் பத்து நாள் போதும். ஒரு பெண் கொசு ஒரு ஈட்டுக்கு நூறு முட்டைக்கு மேல் வைக்கும். வருடத்துக்குப் பல தலைமுறை ஓடும். ஒவ்வொரு தலைமுறையிலும் மருந்தில் தப்பியவற்றின் பிள்ளைகள்தான் மிஞ்சும். தட்டான்களில் மிக வேகமாக வளரும் வகைக்கே ஒன்றரை மாதம் ஆகிறது. பல வகைகளுக்கு மாதக்கணக்கு, சிலவற்றுக்கு வருடம்கூட. தவிர, தின்கிற உயிர் எப்போதும் எண்ணிக்கையில் குறைவு. தப்பிப் பிழைப்பதற்கு ஒரு தற்செயல் மரபணு இருக்க வேண்டும் என்றால், அது கோடிக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் கிடைப்பது எளிது, நூற்றுக்கணக்கில் இருக்கும் கூட்டத்தில் கிடைப்பது அரிது.

இதை உங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியின் கதையும் இதேதான். இந்தோனேசியாவில் மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது, ஏனென்றால் மருந்தில் முதலில் போனது அதைத் தின்னும் சிலந்தியும் நீர்ப்பூச்சிகளும். 1986-இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தது.

#3 வெண்ணாற்றங்கரை

புகையான் என்றதும் புரிந்துவிட்டது தம்பி. மருந்து அடித்த வயலில் அடிக்காத வயலைவிட அதிகமாகப் புகையான் விழுந்து வட்ட வட்டமாகக் காய்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொசுவுக்கும் அதே கணக்கு என்று யோசித்ததில்லை.

#4 கைத்தெளிப்பான் (நகராட்சிக் கொசு ஒழிப்புப் பணி)

எல்லாரும் ஒரே கொசுவைப் பற்றிப் பேசுவது போல் இருக்கிறது. நான் வீடு வீடாகப் போய்த் தொட்டியைத் திறந்து பார்க்கிற வேலை செய்பவன். டெங்கு கொசு உங்கள் வயலில் பிறப்பதில்லை. மூடாத சிமெண்ட் தொட்டி, பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, டயர், ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை, மணி பிளான்ட் பாட்டில். இவற்றில் தட்டான் வந்து முட்டை வைத்து, குஞ்சு வளர்ந்து, புழுவைத் தின்று நம்மைக் காப்பாற்றும் என்று யாரும் காத்திருக்க முடியாது. சிரட்டையில் தட்டானுக்கு என்ன வேலை?

தட்டான் குறைந்ததால்தான் டெங்கு என்று ஒருவர் முகநூலில் எழுத, மக்கள் அதைப் படித்துவிட்டு எங்களைப் பார்த்து "நீங்கள் அடிக்கிற மருந்தால்தான் கொசுவே" என்கிறார்கள். தொட்டியை மூடச் சொன்னால் மட்டும் மூட மாட்டார்கள்.

#5 சிறகெண்ணி

அண்ணன் சொல்வது முக்கியமான விஷயம், அதைப் பிரித்துப் பேசினால்தான் சண்டை இல்லாமல் இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தி நம் வீட்டுப் பாத்திரத்தோடு வாழப் பழகிய கொசு. அதன் முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்த உலகத்தில் இயற்கை எதிரி முன்பும் பெரிதாக இருந்ததில்லை. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். யானைக்கால் நோய் அதன் வழியாக வருவது. கறுத்த சாக்கடைத் தண்ணீரில் தட்டான் குஞ்சு உயிரோடு இருக்காது. அங்கே எதிரியைக் கொன்றது கழிவுநீர்தான், பூச்சிமருந்து இல்லை.

எதிரிகள் உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் வயல், குளம், கண்மாய், மழைக்குட்டை. அங்கே பிறப்பவை கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ், விஷ்ணுயி முதலான வயல் கொசுக்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புபவை இவை. அந்த நோய் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டதே 1955-இல் வேலூர்ப் பக்கம்தான். அதனால் வெண்ணாற்றங்கரை ஐயாவின் கேள்வி வெறும் ஆசைக் கேள்வி இல்லை, அது இந்தக் கொசுக்களைப் பற்றியது.

ஆனாலும் பாத்திரத்தில் எதிரிக்கு இடமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. யாங்கோனில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் தட்டான் குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள், 1990-இல் வெளியான ஆய்வு. சில வாரங்களில் ஏடிஸ் புழு வெகுவாகக் குறைந்தது. வியட்நாமில் இன்னும் பெரிதாக நடந்தது. மீசோசைக்ளோப்ஸ் என்று ஒரு கடுகளவு நீருயிர், பொரித்த புதிதில் இருக்கும் கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். 1998 முதல் 2003 வரை அதைத் தொட்டிகளில் விட்டு, ஊர் மக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்ததில், 37 கம்யூன்களில் (நம் ஊராட்சி மாதிரி) 32-இல் ஏடிஸ் எஜிப்தியே இல்லாமல் போனது. இரண்டிலுமே எதிரி தானாக வரவில்லை, மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

#6 கைத்தெளிப்பான்

சரி, இது நியாயம். எங்களுக்கும் அந்தக் கடுகளவு ஐட்டம் கிடைத்தால் பரவாயில்லை.

#7 பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

இங்கேயும் நுளம்புப் (கொசுப்) பிரச்சினைதான். மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டெம்பரில் இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பைக் கண்டார்கள். இந்திய நகரங்களில், குறிப்பாகச் சென்னையில், கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகும் மலேரியா நுளம்பு அது. பிறகு யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது. கிணறு இல்லாத வீடு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, கடலோடு சம்பந்தப்பட்டது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டை இடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கரையோரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளிலும் கைவிட்ட வள்ளங்களிலும் கிணறுகளிலும் பார்த்து, உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகள் (புழுக்கள்) இருப்பதை 2011 வாக்கில் எழுதினார்கள். கடல் மட்டம் ஏறிக் கிணறுகள் உவராகும் குடாநாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பூச்சி நாசினி போடுகிறவர்கள் நல்ல தண்ணீரை மட்டும் தேடிப் போனால் மிச்சம் தப்பிவிடும்.

தவளைக்காகவும் ஒன்று சொல்கிறேன். தவளை நுளம்பைத் தின்கிறதோ இல்லையோ, அதன் குஞ்சு நுளம்பு முட்டையைத் தின்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்து 2013-இல் வெளியிட்டிருக்கிறார்கள். பல வகைத் தவளைகளின் குஞ்சுகள் ஏடிஸ் முட்டையை உண்டன. தோட்டங்களில் அடிக்கிற மருந்து முதலில் போய்ச் சேருவது வாய்க்காலில் கிடக்கும் அந்தத் தவளைக் குஞ்சிடம்.

#8 வெண்ணாற்றங்கரை

தலைப்பிரட்டை முட்டையைத் தின்னும் என்பது புதுச் செய்தி. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் தவளை பிடித்துச் சாக்குச் சாக்காக ஏற்றுமதிக்கு அனுப்பினார்கள். கால் மட்டும் வெளிநாட்டுக்குப் போகும்.

#9 சிறகெண்ணி

ஆமாம் ஐயா, 1987-இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது.

#10 நேர்க்கேள்வி

இவ்வளவு நேரம் மருந்தையே திட்டுகிறீர்கள். டி.டி.டி. பூச்சிமருந்து இல்லையென்றால் நம் தாத்தாக்களில் பாதிப் பேர் மலேரியாவில் போயிருப்பார்கள். சுதந்திரம் வந்தபோது வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா, எட்டு லட்சம் சாவு என்று கணக்கு. 1953-இல் மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கி, 1965-இல் ஒரு லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தட்டானா செய்தது?

அப்புறம் பருவநிலை மாற்றம். வேலூரில் சித்திரை வெயிலில் கொசு இருக்கிறதா? வெயில் ஏற ஏறக் கொசு சாகத்தானே வேண்டும்? எதற்கெடுத்தாலும் வெப்பமயமாதல் என்பது இப்போது ஒரு ஃபேஷன்.

#11 இரவுப்பணி (மருத்துவர், காய்ச்சல் வார்டு)

நேர்க்கேள்வியின் இரண்டாவது பாதியில் உண்மை இருக்கிறது, பலர் அதைச் சொல்வதில்லை. கொசுவுக்கும் அதற்குள் வளரும் கிருமிக்கும் ஒரு உகந்த வெப்பம் உண்டு. மலேரியா பரவ ஏறத்தாழ 25 டிகிரி, ஏடிஸ் எஜிப்தி வழியாக டெங்கு பரவ ஏறத்தாழ 29 டிகிரி. அதைத் தாண்டி 35-ஐ நெருங்கினால் கொசுவின் ஆயுள் குறைகிறது, பரவலும் விழுகிறது. ஆகவே ஏற்கெனவே கொதிக்கும் ஊரில் இன்னும் ஒரு டிகிரி ஏறுவதால் சித்திரையில் கொசு கூடப்போவதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டியது குளிர்ந்த மாதங்களையும் குளிர்ந்த ஊர்களையும். டெங்கு வைரஸ் கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர எடுக்கும் நாள்கள் வெப்பத்தைப் பொறுத்தவை. குளிரில் அது மெதுவாக நடக்கிறது, கொசு அதற்குள் செத்துப்போகும். கொஞ்சம் சூடானால் வைரஸ் முந்திக்கொள்கிறது. காத்மாண்டு கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி பதிவானது 2004-இல். 2022-இல் அந்த நாட்டில் 50 ஆயிரத்துக்கு மேல், அதில் பெரும்பங்கு காத்மாண்டு பள்ளத்தாக்கில். உலக அளவில் 2024-இல் பதிவான டெங்கு ஒரு கோடியே நாற்பது லட்சத்தைத் தாண்டியது, அதுவரை அப்படி ஒரு வருடம் இல்லை. இதற்கு வெப்பம் மட்டும் காரணம் இல்லை, நகரம் பெருத்ததும் ஆட்கள் ஊர் ஊராகப் பயணம் போவதும் தண்ணீரைச் சேமித்து வைக்கும் கட்டாயமும் சேர்ந்திருக்கின்றன.

கொசுவே இல்லாத நாடு என்று பெயர் வாங்கிய ஐஸ்லாந்திலேயே 2025 அக்டோபரில் மூன்று கொசுக்கள் பிடிபட்டன. அது குளிர் தாங்கும் வகை, ஏதோ சரக்கோடு வந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு உலகம் அழிகிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

#12 சிறகெண்ணி

டி.டி.டி. பற்றி நான் சொல்கிறேன். 1965-இல் ஒரு லட்சம் என்பது சரி. அதே கணக்கை இன்னும் பதினோரு வருடம் தள்ளிப் பாருங்கள். 1976-இல் 64 லட்சம். பணம் குறைந்தது, கண்காணிப்பு தளர்ந்தது, கூடவே கொசு அந்த மருந்துக்குப் பழகியதும் ஒரு காரணம். அதே மருந்தைப் பருத்திக்கும் நெல்லுக்கும் டன் டன்னாக அடித்தோம். விவசாயத்தில் டி.டி.டி.யை நிறுத்தியது 1989-இல்தான். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிர் காக்க வேண்டிய மருந்தை வயலில் இறைத்துக் கொசுவுக்குப் பயிற்சி கொடுத்தோம் என்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி விளையும் பகுதிகளில் மலேரியா கொசுக்கள் இதே மாதிரி எதிர்ப்பு பெற்றதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இப்போது வெயில். மருத்துவர் கொசுவையும் கிருமியையும் சொன்னார், நான் தின்பவர் பக்கம் வருகிறேன். கிரீன்லாந்தில் லாரன் கல்லர் குழு செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது, 2015-இல் வந்தது. பனி உருகும் குட்டைகளில் கொசுப்புழு, அதைத் தின்னும் ஒரு நீர்வண்டு. தண்ணீர் சூடானால் வண்டுக்குப் பசி கூடுகிறது, அதிகம் தின்கிறது. அப்படியானால் கொசு குறைய வேண்டுமல்லவா? குறையவில்லை. சூட்டில் புழு சீக்கிரம் வளர்ந்து, வண்டு வாயில் மாட்டுவதற்கு இருக்கும் நாள்கள் சுருங்கிவிடுகின்றன. இரண்டு டிகிரி கூடினால் பறக்கும் நிலைக்குத் தப்பி வரும் வாய்ப்பு 53 சதவீதம் அதிகமாகும் என்று கணக்கிட்டார்கள். நீர்வண்டு நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் கொசு கையை விட்டுப் போய்விடுகிறது.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமானது வறட்சி. சேஸ், நைட் என்ற இருவர் அமெரிக்கக் குட்டைகளில் பார்த்து 2003-இல் எழுதினார்கள். எப்போதும் தண்ணீர் இருக்கும் குட்டையில் தின்பவை நிறைய, கொசு குறைவு. ஒவ்வொரு வருடமும் வற்றும் குட்டையில் கொசுப்புழுவின் தீனிக்குப் போட்டி போடும், வற்றலுக்குப் பழகிய உயிர்கள் இருக்கின்றன, அதனால் அங்கேயும் கொசு குறைவு. வழக்கமாக வற்றாத குட்டை ஒரு வறட்சியில் வற்றி, அடுத்த மழையில் நிரம்பினால்தான் ஆபத்து. மீனும் தட்டான் குஞ்சும் செத்திருக்கும், அவை திரும்பி வர மாதங்கள் ஆகும். கொசு அடுத்த வாரமே வந்து முட்டை வைக்கும். வறட்சிக்கு மறு வருடம் கொசு வெடித்துப் பெருகியதை அவர்கள் பதிவு செய்தார்கள். எங்கள் மதுரைக் கண்மாய்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் காய்ந்து, மூன்றாம் வருடம் ஒரே ராத்திரியில் நிரம்புகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதனால் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும், காய்ந்தால் நீண்டு காயும். இந்த மாதிரி வருடங்கள் கூடினால் லாபம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

#13 நேர்க்கேள்வி

வறட்சிக் கணக்கு எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டி.டி.டி. விஷயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன், 1976-ஐயும் சேர்த்துக்கொண்டுதான்.

#14 வெண்ணாற்றங்கரை

வறட்சி, வெள்ளம் என் கையில் இல்லை. வயலில் நான் என்ன செய்கிறேன் என்பது என் கையில் இருக்கிறது. தம்பி, நாற்றை நடும் முன் வேரை மருந்தில் நனைக்கிறோம், நாற்றங்காலில் குருணை மருந்து போடுகிறோம். கொசுவுக்கு என்று யாரும் அடிப்பதில்லை. இதெல்லாம் தட்டானைத் தொடுமா?

#15 சிறகெண்ணி

தொடும். ஜப்பானில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே இயந்திர நடவுக்கு நாற்றுத் தட்டில் இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் என்ற பூச்சிமருந்துகளைப் போடும் வழக்கம் 1990-களில் பரவியது. அதன் பிறகு வயலில் வளரும் செந்தட்டான் பல மாகாணங்களில் சரிந்தது. தட்டிலிருந்து மருந்து வயல் தண்ணீருக்கும் சேற்றுக்கும் வருகிறது, தட்டான் குஞ்சு சேற்றில்தான் வாழ்கிறது. பிப்ரோனில் இன்னும் மோசம் என்று அங்கே செய்த சோதனைகள் காட்டின. உலகத் தட்டான்களை முதல்முறையாக முழுதாகக் கணக்கெடுத்து 2021-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சொன்னது: 6,016 வகைகளில் 16 சதவீதம் அழியும் ஆபத்தில். சதுப்பு நிலம் போனதுதான் முதல் காரணம், மருந்தும் வெப்பமும் அதற்கு அடுத்து வரிசையில் நிற்கின்றன.

மருந்தைவிட ஒன்று உங்களை ஆச்சரியப்படுத்தும், யூரியா. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தில் விக்டர், ரூபன் என்ற இருவர் நெல் வயலில் பார்த்து 2000-இல் எழுதினார்கள். ரசாயன தழைச்சத்து போட்ட வயலில் கொசுப்புழு கூடியது. பாசியும் நுண்ணுயிரும் பெருகுகின்றன, புழுவுக்கு அது விருந்து. அதே மையத்தில் வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவையும் தண்ணீர் மேலாண்மையையும் சேர்த்துச் செய்து பார்த்தபோது கியூலெக்ஸ் குறைந்தது. அந்தத் தண்ணீர் மேலாண்மை வேறொன்றுமில்லை, வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுகிற, உங்கள் பேச்சில் காய்ச்சலும் பாய்ச்சலும்தான்.

#16 வெண்ணாற்றங்கரை

காய்ச்சலும் பாய்ச்சலும் நான் செய்கிறேன், தண்ணீர் மிச்சம் என்பதற்காக. ஆனால் தண்ணீரை வடித்தால் தட்டான் குஞ்சும் சாகுமே?

#17 சிறகெண்ணி

சரியான இடத்தில் பிடித்தீர்கள், அதில் ஒரு இழுபறி இருக்கிறது. காயவிடும் சில நாளில் கொசுப்புழு செத்துவிடும், கூடவே தட்டான் குஞ்சும் தலைப்பிரட்டையும் சாகும். மறுபடி தண்ணீர் பாய்ச்சினால் கொசு முதலில் வரும். என் யோசனை, வயல் மூலையில் தாழ்வான ஒரு குழியையோ வரப்போரம் ஒரு சின்ன ஓடையையோ வற்றாமல் விடுங்கள். வடிக்கும்போது நீந்துகிற உயிர்கள் அங்கே ஒதுங்கும், பாய்ச்சியதும் வயலுக்குத் திரும்பும். அதில் நாட்டு மீன் நாலு இருந்தால் குழி கொசுப்பண்ணை ஆகாது. ஒரு மடையில் பாய்கிற எல்லா வயலும் ஒரே நேரத்தில் காய்ந்தால்தான் கொசுவுக்கு அடி விழும். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும்.

#18 வெண்ணாற்றங்கரை

மடைக்காரர்கள் எல்லாரையும் ஒரே நாளில் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் கொசுவையே ஒழித்துவிடலாம். குழி வெட்டுவது முடியும்.

#19 கோவைத் தென்றல்

மீன் என்றால் கம்பூசியா விடலாமா? சுகாதாரத் துறையில் இலவசமாகத் தருவார்களே. மாடியில் பெட்டி வைத்து வௌவால் குடியேறினால் மணிக்கு 600 கொசு தின்னும் என்றும் படித்தேன், ஒரு பெட்டி வாங்கப்போகிறேன்.

#20 சிறகெண்ணி

அக்கா, அந்த 600 வந்த கதை சுவையானது. 1960-இல் ஒரு அமெரிக்க ஆய்வில் வௌவாலை அடைத்த அறைக்குள் கொசுவை நிறையப் பறக்கவிட்டார்கள். நிமிடத்துக்குப் பத்து வரை பிடித்தது. அதை அறுபதால் பெருக்கினால் 600. வெளியே வௌவால் அந்துப்பூச்சி, வண்டு என்று கொழுத்ததைத் தேடும், கொசு அதற்குக் கொறிக்கிற சாமான். பெட்டி வையுங்கள், வௌவாலுக்கு நல்லது. கொசுவலையைத் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பூசியா 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மீன். மூடிய கிணறு, தொட்டி, கோயில் நீரூற்று இவற்றுக்குச் சரி. வயலிலோ குளத்திலோ விட்டால் தலைப்பிரட்டையையும் நாட்டு மீன் முட்டையையும் சேர்த்துத் தின்னும். உலகின் மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. கொசுவின் எதிரியைக் கொண்டுவருகிறோம் என்று கொசுவின் மற்ற எதிரிகளைக் கொல்வதில் என்ன பயன்? நம் வாய்க்காலில் மேல்மட்டத்திலேயே நீந்தும், தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் ஒரு சின்ன மீன் உண்டு, அதுவே கொசுப்புழு தின்பதில் கெட்டிக்காரன்.

#21 கைத்தெளிப்பான்

புகை அடிப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். புகை பறக்கும் கொசுவில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். தொட்டியில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. மறுநாள் புதுக் கொசு கிளம்பும். வீட்டுக்குள் இருக்கும் ஏடிஸுக்குத் தெருப் புகை எட்டுவதே இல்லை. இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காய்ச்சல் வந்த தெருவில் புகை வண்டி வரவில்லை என்றால் வார்டில் கூச்சல் எழும். தொட்டியில் அபேட் என்ற புழுக்கொல்லி மருந்தை ஊற்றிவிட்டுப் போனால் யாருக்கும் கண்ணில் தெரியாது, புகை எல்லாருக்கும் தெரியும். அதனால் புகை.

இரவில் பட்டாம்பூச்சி, விட்டில், சிலந்தி என்று வேறு எதெல்லாம் அதில் சாகிறது என்பதை நான் பார்க்கிறேன். அதற்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

#22 இரவுப்பணி

புகையில் பல இடங்களில் பயன்படுத்துவது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து. வீட்டுக் கொசுவர்த்தி, சுவரில் செருகும் லிக்விட், காய்கறிக்கு அடிக்கும் பல மருந்துகள், எல்லாம் அதே குடும்பம். ஒரே சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டால் பூட்டு தேயத்தானே செய்யும். கம்போடியா, வியட்நாம் ஏடிஸ் கொசுக்களில் எல்982டபிள்யூ என்ற மரபணு மாற்றம் பெருவாரியாகப் பரவியிருப்பதை 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கொசுக்கள் பைரித்ராய்டில் சுலபமாகச் சாவதில்லை.

பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து நல்லது. 1976-இல் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டெடுத்தது. கொசுப்புழுவின் குடலில் வேலை செய்யும், தட்டான் குஞ்சை நேரடியாகக் கொல்லாது.

#23 பனங்கூடல்

நேரடியாக இல்லைதான். பிரான்சின் கமார்க் சதுப்பு நிலத்தில் அதைத் தெளித்த இடங்களில், கொசுவுக்கு ஒன்றுவிட்ட உறவான, கடிக்காத கைரோனோமிட் பூச்சிகளும் குறைந்து, அவற்றையும் தட்டானையும் நம்பி இருந்த வீட்டுத் தகைவிலான்கள் குறைவான குஞ்சுகளையே வளர்த்தெடுத்தன. 2010-இல் வந்த ஆய்வு. சிமெண்டுத் தொட்டிக்குப் போடுங்கள், ஆட்சேபம் இல்லை. முழுச் சதுப்பு நிலத்துக்கும் தெளிக்கும்போது இன்னொரு தடவை யோசிக்க வேண்டும்.

#24 வெண்ணாற்றங்கரை

வரும் குறுவைக்கு நான் செய்யப்போவதை எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது கேட்டால் இங்கேயே பதில் சொல்கிறேன். நாற்றங்காலில் குருணை இல்லை. யூரியாவைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக, வேப்பம் பிண்ணாக்கோடு. கீழை மூலையில் ஒரு குழி. புகையான் பொருளாதார சேத நிலையை, அதாவது மருந்துச் செலவைவிடச் சேதம் கூடும் அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து, அதுவும் தூரில் மட்டும். மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தால் எல்லாம் நடக்கும்.

ஒரே ஒரு சந்தேகம். எங்கள் மோட்டார் தொட்டியில் மல்லாந்து நீந்துகிற ஒரு பூச்சி வந்து சேர்ந்திருக்கிறது. துடுப்பு மாதிரி இரண்டு கால். இதைக் குழியில் விடலாமா, தூக்கிப் போடலாமா?

#25 சிறகெண்ணி

தூக்கிப் போட்டுவிடாதீர்கள் ஐயா! அது நமக்கு வேண்டிய ஆள். தட்டான் வருவதற்கு முன்பே பறந்து வந்து புதுத் தண்ணீரில் குடியேறும் வேட்டைக்காரர்களில் அது ஒன்று. கொசுப்புழு மேலே மூச்சு விட வரும்போது கீழிருந்து பிடிக்கும். இன்னொரு வேலையும் செய்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா பல்கலைக்கழகத்தார் 2010-இல் எழுதியது: இந்தப் பூச்சி வகை தண்ணீரில் விடும் ஒரு வாசனையை மோந்துவிட்டு, அங்கே உள்ள ஒரு கொசு வகை அந்தத் தண்ணீரில் முட்டையே வைப்பதில்லை.

வெறும் கையால் மட்டும் பிடிக்காதீர்கள், குளவி கொட்டியது மாதிரி கடுக்கும். டீ வடிகட்டியில் அள்ளி விடுங்கள்.